நாம லேட்டா வந்தா 'டிராஃபிக்'... அடுத்தவர் லேட்டா வந்தா 'பொறுப்பில்லை'! உளவியல் சொல்லும் காரணம் என்ன?

ஆபீஸுக்கு அரை மணி நேரம் லேட்டாக வருகிறார் ஒருவர். கேட்டால், "பஸ் வரலை, வழியில செம டிராஃபிக்" என்கிறார். மறுநாள் பக்கத்து சீட்காரர் அதே அரை மணி நேரம் லேட். இப்போது முதலாமவர் சொல்வது: "அவருக்கு எப்பவுமே பொறுப்பு கிடையாது."

தாமதம் ஒன்றுதான். ஆனால் தனக்கு என்றால் சூழ்நிலை மீது பழி, அடுத்தவருக்கு என்றால் குணத்தின் மீது பழி. கணவன் மனைவி சண்டை முதல் நண்பர்கள் பேசாமல் போவது வரை பல மனக்கசப்புகள் இங்கிருந்துதான் தொடங்குகின்றன. இதைப் பற்றி உளவியல் என்ன சொல்கிறது? பார்க்கலாம்.

இதற்குப் பெயர் என்ன?

அடுத்தவரின் செயலுக்குக் காரணம் தேடும்போது அவருடைய சூழ்நிலையைக் குறைவாகவும், குணத்தை அதிகமாகவும் கணக்கில் எடுப்பதை 'ஃபண்டமென்டல் அட்ரிபியூஷன் எரர்' என்கிறார்கள். காரணம் கற்பிப்பதில் நேரும் அடிப்படைத் தவறு என்று பொருள். 1977-ல் இந்தப் பெயரை வைத்தவர் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக உளவியலாளர் லீ ராஸ்.

ஆனால் அதற்கு 10 ஆண்டுகள் முன்பே, 1967-ல் எட்வர்ட் ஜோன்ஸ், விக்டர் ஹாரிஸ் ஆகியோரின் ஆய்வில் இந்தத் தவறு வெளிப்பட்டது. கியூபா தலைவர் ஃபிடல் காஸ்ட்ரோவை ஆதரித்தும் எதிர்த்தும் எழுதப்பட்ட கட்டுரைகளை மாணவர்களிடம் படிக்கக் கொடுத்தார்கள். "எந்தப் பக்கம் எழுத வேண்டும் என்பதை எழுதியவர் முடிவு செய்யவில்லை, அது அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை" என்றும் சொன்னார்கள். அப்படியும், ஆதரித்து எழுதியவர் மனதளவில் காஸ்ட்ரோ ஆதரவாளராகத்தான் இருப்பார் என்ற பக்கமே மாணவர்களின் கணிப்பு சாய்ந்தது.

அவசரத்தில் இருந்தால் நல்லவரும் மாறுவாரா?

சூழ்நிலைக்கு எவ்வளவு பலம் என்பதற்கு 1973-ல் வெளியான ஓர் ஆய்வு நல்ல உதாரணம். அமெரிக்காவின் பிரின்ஸ்டனில், பாதிரியார் பயிற்சிக் கல்லூரி மாணவர்கள் 40 பேரை வைத்து ஜான் டார்லி, டேனியல் பேட்சன் இருவரும் இதை நடத்தினார்கள்.

மாணவர்கள் பக்கத்துக் கட்டடத்துக்குப் போய்ப் பேச வேண்டும். சிலருக்குக் கொடுத்த தலைப்பே, அடிபட்டுக் கிடந்தவருக்கு உதவிய 'நல்ல சமாரியன்' பற்றிய பைபிள் கதைதான். போகும் வழியில் ஒருவர் உடம்பு சரியில்லாதவர் போலச் சுருண்டு கிடந்து இருமினார். அவர் ஆய்வாளர்கள் ஏற்பாடு செய்த ஆள்.

நேரம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் உதவினார்கள். "ஏற்கெனவே லேட், சீக்கிரம் போங்க" என்று சொல்லப்பட்டவர்களில் உதவியது 10 சதவீதம் பேர் மட்டுமே. உதவாமல் கடந்து போனவரைப் பார்ப்பவர் "கல் நெஞ்சக்காரர்" என்றுதான் சொல்வார். அவர் தலைக்குள் ஓடிய கடிகாரம் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாது.

தன் செயலை மட்டும் நியாயப்படுத்துவது ஏன்?

'நான் நல்லவன்' என்ற எண்ணமும் தான் செய்த தவறும் ஒன்றோடு ஒன்று மோதினால் மனதுக்குள் ஒரு நெருடல் வரும். இந்த மோதலை 'காக்னிட்டிவ் டிஸ்ஸனன்ஸ்' என்று 1957-ல் விளக்கினார் லியோன் ஃபெஸ்டிங்கர்.

1959-ல் அவரும் ஜேம்ஸ் கார்ல்ஸ்மித்தும் நடத்திய ஆய்வில், மாணவர்களுக்கு ஒரு மணி நேரம் படு போரான வேலை கொடுக்கப்பட்டது. பிறகு, "வேலை சுவாரசியமா இருந்துச்சு" என்று அடுத்து வருபவரிடம் பொய் சொல்லச் சொன்னார்கள். இதற்குச் சிலருக்கு 1 டாலர், சிலருக்கு 20 டாலர். கடைசியில் வேலை எப்படி இருந்தது என்று கேட்டபோது, 20 டாலர் வாங்கியவர்களைவிட 1 டாலர் வாங்கியவர்களே அது பிடித்திருந்ததாகச் சொன்னார்கள்.

காரணம் எளிது. "20 டாலருக்காகப் பொய் சொன்னேன்" என்பது மனதுக்குப் போதுமான சமாதானம். 1 டாலருக்குப் பொய் சொன்னவரிடம் அந்தச் சமாதானம் இல்லை. அதனால் "உண்மையிலேயே நல்லாத்தான் இருந்துச்சு" என்று அவர் மனம் கருத்தையே மாற்றிக்கொள்கிறது.

இந்தியர்களும் இப்படித்தானா?

கொஞ்சம் வித்தியாசம் இருக்கிறது. உளவியலாளர் ஜோன் மில்லர் 1984-ல் வெளியிட்ட ஆய்வில், மைசூருவில் இருந்தவர்களும் சிகாகோவில் இருந்தவர்களும் தங்களுக்குத் தெரிந்தவர்களின் செயல்களுக்குக் காரணம் சொன்னார்கள். அமெரிக்கப் பெரியவர்கள் குணத்தை அதிகம் சொல்ல, இந்தியப் பெரியவர்கள் சூழலையும் உறவுப் பொறுப்புகளையும் அதிகம் சொன்னார்கள். சிறு குழந்தைகளிடம் இந்த வேறுபாடு பெரிதாக இல்லை. அதாவது, பார்க்கும் விதம் பிறவியிலேயே வருவதில்லை, வளரும் சூழலில் கற்றுக்கொள்வது.

மெசேஜில் ஏன் அதிக குழப்பம்?

"சரி" என்று ஒரு வார்த்தை பதில் வந்தால், கோபமா, அவசரமா என்று தெரியாது. 2005-ல் ஜஸ்டின் க்ரூகரும் நிக்கோலஸ் எப்லியும் சக ஆய்வாளர்களோடு இதைச் சோதித்தார்கள். இமெயிலில் தாங்கள் எழுதியது கிண்டலா, சீரியஸா என்பதைப் படிப்பவர் சுமார் 78 சதவீதம் சரியாகக் கண்டுபிடிப்பார் என்று எழுதியவர்கள் நம்பினார்கள். உண்மையில் கண்டுபிடித்தது சுமார் 56 சதவீதம்தான். பூவா தலையா போட்டுப் பார்ப்பதைவிடக் கொஞ்சம்தான் அதிகம்! எழுதியவர் காதில் ஒலித்த குரல், படிப்பவரின் திரையில் இல்லை.

எப்போதும் இப்படித்தான் நடக்குமா?

இல்லை. தனக்கு ஒரு காரணம், அடுத்தவருக்கு ஒரு காரணம் என்ற இந்த வேறுபாடு பற்றிய 173 ஆய்வுகளை பெர்ட்ராம் மாலே தொகுத்துப் பார்த்து 2006-ல் முடிவை வெளியிட்டார். மொத்தமாகப் பார்த்தால் வேறுபாடு மிகச் சிறியது. ஆனால் கெட்ட விஷயம் நடக்கும்போது அது தெளிவாகத் தலைகாட்டியது. எல்லாம் நன்றாகப் போகும்வரை பிரச்சினை இல்லை, தப்பு நடந்தால்தான் குணத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

என்ன செய்யலாம்?

சூழ்நிலையைப் புரிந்துகொள்வது என்றால் எல்லாவற்றையும் மன்னித்துவிடுவது என்று அர்த்தமில்லை. குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதற்கும், திரும்பத் திரும்பக் கை ஓங்குவதற்கும் சூழ்நிலை ஒரு சாக்கு ஆகாது.

மற்றபடி, ஒருமுறை நடந்த விஷயத்தை வைத்து "நீ எப்பவுமே இப்படித்தான்" என்று முடிவு கட்டும் முன், ஒரு கேள்வி கேட்கலாம். "ஏன் இப்படிப் பண்ண?" என்றால் எதிரில் இருப்பவர் நியாயப்படுத்தத் தொடங்குவார். "என்ன ஆச்சு?" என்றால் நடந்ததைச் சொல்ல வாய்ப்பு அதிகம்.