நுண்ணோக்கி எண்ணிமப் படப்பதிவு

நுண்ணோக்கியில் தெரியும் உருவத்தைக் கேமரா மூலம் கணினியிலோ கைபேசியிலோ பதிவுசெய்யும் முறை. மாணவர் உயிரியல் ஆய்வகங்களில் கண்ணருகு லென்சின் இடத்தில் பொருத்தும் யுஎஸ்பி கேமராவோ, தாங்கியில் நிறுத்திய கைபேசியோ இதற்குப் பயன்படுகிறது.

வெங்காயத் தோல் போன்ற மாதிரியை 4 மடங்கு பொருளருகு லென்சில் குவியப்படுத்தியபின் 10, 40 மடங்குகளுக்குச் செல்வர். ஒளியையும் வெண்சமநிலையையும் சீராக்கிப் படமெடுப்பர்.

படத்தின் தோற்ற அளவு திரைக்குத் திரை மாறும். எனவே அளவுகோல் கோட்டைப் படத்திலேயே பதிப்பது இன்றியமையாதது. அக்கோட்டின் நீளத்தை அறிய, 1 மில்லிமீட்டரை 100 கூறுகளாக்கிய அளவீட்டுத் தகட்டை அதே லென்சில் படமெடுத்து, ஒரு படப்புள்ளி எத்தனை மைக்ரோமீட்டர் எனக் கணிப்பர். லென்சு மாறினால் மறுபடியும் கணிக்க வேண்டும்.

கேமரா இல்லாத காலத்தில், 1665இல், அறிவியலாளர் ராபர்ட் ஹூக் நுண்ணோக்கியில் கண்ட தக்கையின் அறைகளைக் கையால் வரைந்தே உலகுக்குக் காட்டினார். கேமராப் படம் அளக்க உதவும். வரைதல் கண்ணைப் பழக்கும். மாணவருக்கு இரண்டும் தேவை.