முதியவர் கைக்கு வராத ஊசி

வேலூர் வட்டாரத்து ஆலங்காயத்தில் அறுபதைக் கடந்தவர்களின் சட்டைக் கையை உயர்த்திப் பார்த்தால், பெரும்பாலும் ஒரு காசளவுத் தழும்பு தெரியும். அம்மை குத்திய தழும்பு. தோல் பதனிடும் டேனரியில் உழைத்து ஓய்ந்தவர், ஷூ கம்பெனியில் ஷூவின் மேல்தோல் தைத்து வேலையை விட்டவர், ஜவ்வாது மலையிலிருந்து கடுக்காய் இறக்கி விற்றவர் என எல்லோர் கையிலும் அது உண்டு. அவர்கள் குழந்தைகளாக இருந்தபோது அரசு வீடு தேடி வந்து போட்ட ஊசி அது. பெரியம்மை ஒழிந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆகிறது.

இன்று அதே மனிதர்களை மழைக்காலம்தோறும் படுக்கையில் தள்ளுகிறது இன்ஃப்ளூயன்சா என்னும் ஃப்ளூ காய்ச்சல். அதற்கும் ஊசி இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை போட்டுக்கொண்டால் போதும். ஆனால் அந்த ஊசி இவர்களைத் தேடி வருவதில்லை. இவர்களும் அதைத் தேடிப் போவதில்லை. அதற்கான காரணத்தை அறிய, இந்த வட்டாரம் ஊசியோடு பழகிய இருநூறு ஆண்டுக் கதையைப் புரட்ட வேண்டும்.

இந்தியாவில் முதல் அம்மைத் தடுப்பு 1802 ஜூன் 14 அன்று பம்பாயில் ஒரு மூன்று வயதுக் குழந்தைக்கு நடந்தது. அதே ஆண்டில் சென்னை மாகாணத்துக்கும் அது வந்து சேர்ந்தது. அப்போது குப்பியும் கிடையாது, குளிர்பெட்டியும் கிடையாது. ஒரு குழந்தையின் கையில் எழும் கொப்புளத்திலிருந்து நீரெடுத்து அடுத்த குழந்தையின் கையில் கீறி வைப்பார்கள். மக்கள் அஞ்சியதில் வியப்பில்லை. அம்மை என்றால் அம்மன் வந்திருக்கிறாள் என்று வேப்பிலை கட்டி, வாசலில் மஞ்சள் நீர் தெளித்த வீடுகள் இவை. குடியாத்தத்தில் வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசு ஊர்வலத்துக்குக் கூட்டம் கூடும் மண் இது. அம்மை குத்துபவர் தெருவுக்குள் நுழைந்தால் குழந்தைகளை ஒளித்து வைத்த கதைகள் தமிழ்நாடெங்கும் உண்டு.

நம்பிக்கை மெல்ல மெல்லத்தான் வந்தது. 1905இல் கிண்டியில் கிங் நிலையம் எழுந்தபின், கன்றுக்குட்டியிடமிருந்து எடுத்த தடுப்பு மருந்து அங்கிருந்து மாகாணம் முழுவதும் போனது. கையிலிருந்து கைக்கு மாற்றும் முறை மறைந்தது. 1975 மே மாதத்தோடு இந்தியாவில் பெரியம்மை நின்றது; 1977இல் நாடு அம்மையற்றதாக அறிவிக்கப்பட்டது. வேப்பிலையும் ஊசியும் ஒரே வீட்டில் இருக்க முடியும் என்பதை இந்த ஊர்கள் அதற்குள் ஏற்றுக்கொண்டிருந்தன.

ஃப்ளூ காய்ச்சலின் கதை வேறு. அதற்கு நெடுங்காலம் ஊசியே இல்லை.

1918 ஜூனில் பம்பாய்த் துறைமுகத்தில் இறங்கிய ஃப்ளூ, ரயில் போன இடமெல்லாம் போனது. சென்னையிலிருந்து ஆம்பூர், வாணியம்பாடி வழியாக ஜோலார்பேட்டை செல்லும் பாதை அதற்கு ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்கு முன்பே போடப்பட்டிருந்தது. ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல்கள் துறைமுகத்துக்கும், பட்டாளத்துக்காரர்கள் ஊருக்கும் போன பாதை அது. அந்த ஆண்டு செப்டம்பர், அக்டோபரில் எழுந்த இரண்டாம் அலைதான் கொடியது. இந்தியாவில் மட்டும் ஒரு கோடியே இருபது லட்சம் முதல் இரண்டு கோடி வரை மக்கள் மாண்டிருப்பார்கள் என்று பிற்கால ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். இருபதிலிருந்து நாற்பது வயதுக்குள் இருந்தவர்களே மிகுதியாக இறந்தார்கள். மருத்துவரிடமும் மருந்தில்லை. நோயின் கிருமி எது என்பதே தெரியவில்லை.

1933இல்தான் லண்டனில் வில்சன் ஸ்மித், கிறிஸ்டோஃபர் ஆண்ட்ரூஸ், பேட்ரிக் லெய்ட்லா ஆகிய மூவரும் மனிதரைத் தாக்கும் ஃப்ளூ வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்கப் படைக்காகத் தாமஸ் ஃபிரான்சிஸும் ஜோனாஸ் சால்க்கும் கோழிமுட்டைக் கருவில் வைரஸை வளர்த்து, கொன்று, ஊசி மருந்தாக்கினார்கள். பின்னாளில் போலியோ தடுப்பூசியால் உலகப் புகழ் பெற்ற அதே சால்க்தான். ஆனால் 1947இல் அந்த ஊசி கைவிட்டது. வைரஸ் உருமாறியிருந்தது. அன்றிலிருந்து இன்றுவரை ஃப்ளூ ஊசியின் தலையெழுத்து இதுதான்: ஒருமுறை போட்டு ஆயுளுக்கும் நிம்மதியாக இருக்க முடியாது, ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் பிப்ரவரியில் வடகோளத்துக்கும் செப்டம்பரில் தென்கோளத்துக்குமாக, அடுத்து எந்த வகை வைரஸ்களுக்கு மருந்து செய்வது என்று முடிவெடுத்துச் சொல்கிறது.

அப்படி உருமாறிய வைரஸ் ஒன்று 1957 மே மாதத்தில் சிங்கப்பூரிலிருந்து கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்துக்கு வந்தது. ஆசிய ஃப்ளூ என்று பெயர் பெற்ற அந்தத் தொற்று சில வாரங்களில் நாடெங்கும் பரவியது. குன்னூர் பாஸ்டியர் நிலையத்தில் இயங்கிய இன்ஃப்ளூயன்சா மையம் வைரஸை ஆராய்ந்தது. 1958 பிப்ரவரிக்குள் இந்தியாவில் 44 லட்சத்துக்கு மேற்பட்டோர் நோயுற்றதாகப் பதிவானது. நல்வாய்ப்பாக இறப்பு குறைவு. அதனாலேயே, வந்தது தெரியாமல் மறந்தும் போனது. 1960இல் அமெரிக்கா அறுபத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஆண்டுதோறும் ஃப்ளூ ஊசி போடப் பரிந்துரைத்தது. அந்தப் பேச்சு இங்கே எழவில்லை.

எழாததற்குக் காரணம் இருந்தது. விடுதலை பெற்ற நேரத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் முப்பத்திரண்டு ஆண்டுகள்தான். குழந்தைகள் கொத்துக்கொத்தாகச் செத்துக்கொண்டிருந்த நாட்டில், கையிலிருந்த ஊசியெல்லாம் குழந்தைகளுக்கே போனது. அது சரியான முடிவும்கூட. 1948இல் கிண்டியில் காசநோய்க்கான பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வகம் அமைந்தது. அந்த ஊசியை ஊர் ஊராகப் போடும் இயக்கத்தை 1955இல் ராஜாஜியே கடுமையாக எதிர்த்து எழுதினார். ஊசியைப் பற்றிய வாதம் தமிழ்நாட்டில் படிக்காதவர்களின் அச்சமாக மட்டும் இருந்ததில்லை.

குழந்தை ஊசியின் வரலாற்றில் வேலூருக்குத் தனி இடம் உண்டு. 1900இல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனை வளர்ந்து கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியானது. அங்கே அறுபதுகளில் வைரஸ் ஆய்வகத்தை நிறுவிய டி. ஜேக்கப் ஜான், போலியோ சொட்டு மருந்து மூன்று தவணை கொடுத்தும் நம் குழந்தைகளில் பலருக்குப் போதிய எதிர்ப்பு உண்டாகவில்லை என்பதைக் கண்டறிந்தார். எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே நேரத்தில் கொடுக்கும் முறையை எண்பதுகளின் தொடக்கத்தில் வேலூரில் செய்து காட்டினார். நாடு முழுவதும் 1995இல் தொடங்கிய பல்ஸ் போலியோவுக்கு அது முன்னோடி.

அதைவிடக் குறைவாகப் பேசப்படுவது அவர் வட ஆற்காடு மாவட்டத்தில் அமைத்த அஞ்சலட்டை ஏற்பாடு. மாவட்டத்தின் அரசு மருத்துவர்களுக்கும் தனியார் மருத்துவர்களுக்கும் அச்சடித்த அட்டைகள் தரப்பட்டன. குறிப்பிட்ட நோய்கள் தென்பட்டால் எழுதி அஞ்சலில் போட வேண்டும். வந்த தகவல்கள் மாதந்தோறும் தொகுக்கப்பட்டு மருத்துவர்களுக்கே திரும்பிப் போயின. கணினி எட்டாத காலத்தில் எந்த ஊரில் எந்த நோய் கிளம்புகிறது என்பதை ஒரு மாவட்டம் கண்டுகொள்ள முடிந்தது. ஆலங்காயமும் வாணியம்பாடியும் ஆம்பூரும் அன்று அந்த மாவட்டத்துக்குள் இருந்த ஊர்கள். 1998இல் 'லான்செட்' மருத்துவ இதழ் இந்த முறையை வளரும் நாடுகளுக்கு ஒரு முன்மாதிரியாக வெளியிட்டது.

ஆனால் 1985இல் தொடங்கிய தேசியத் தடுப்பூசித் திட்டம் கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் மட்டுமே கணக்கில் கொண்டது. ஊசி போடும் நாள் என்றால் தாய்மார்கள் கைக்குழந்தையோடு வரும் நாள் என்று ஆனது. பேரனைத் தூக்கிக்கொண்டு உடன் வரும் பாட்டிக்கும் ஒரு ஊசி இருக்கலாம் என்ற எண்ணம் யாருக்கும் வரவில்லை. பாட்டிக்குச் சளிக்காய்ச்சல் என்றால் சுக்குக் கசாயம், மிளகு ரசம், ஆவி பிடித்தல். உருது பேசும் வீடுகளில் ஜோஷாந்தா. அண்மைக் காலத்தில் அரசே தரும் நிலவேம்புக் குடிநீர். இவை உடலுக்கு இதம் தருபவை. வைரஸ் உள்ளே வராமல் தடுப்பவை அல்ல.

இரண்டு நிகழ்வுகள் இந்த வழக்கத்தை அசைத்தன. முதலாவது 2009. பன்றிக்காய்ச்சல் என்று அஞ்சப்பட்ட புதிய ஃப்ளூ அந்த ஆண்டு மே மாதம் இந்தியாவுக்குள் வந்தது. அடுத்த ஆண்டே அதற்கான தடுப்பூசிகள் இந்தியாவில் தயாராயின. அந்த வைரஸ் நம்மை விட்டுப் போகவில்லை. இன்று ஆண்டுதோறும் வரும் ஃப்ளூ வகைகளில் அதுவும் ஒன்று.

இரண்டாவது கொரோனா. 2021 மார்ச் 1 அன்று அறுபது வயதைக் கடந்த அனைவருக்கும் தடுப்பூசி தொடங்கியது. இந்திய வரலாற்றில் முதியவர்களை முன்வரிசையில் நிறுத்திய முதல் பெரும் ஊசி இயக்கம் அதுதான். தயக்கம் இருந்தது, வதந்தி இருந்தது. ஆனால் அந்த ஆண்டு செப்டம்பர் 12 அன்று தமிழ்நாடு நடத்திய முதல் மெகா முகாமில் ஒரே நாளில் 28 லட்சத்துக்கு மேற்பட்டோர் ஊசி போட்டுக்கொண்டார்கள். வாசலுக்கு வந்தால் முதியவர்கள் கையை நீட்டுவார்கள் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

ஆம்பூர், வாணியம்பாடி போன்ற தோல் நகரங்களில் முதியவர்களுக்கு ஊசி வந்து சேர இன்னொரு வழியும் உண்டு. ஹஜ் பயணத்துக்குப் புறப்படுவோருக்கு அரசு முகாம்களில் மூளைக்காய்ச்சல் ஊசியும் போலியோ சொட்டு மருந்தும் தரப்படுகின்றன. வயதானவர்களுக்கும் நாட்பட்ட நோயுள்ளவர்களுக்கும் ஃப்ளூ ஊசியும் சேர்கிறது. பல நாட்டு மக்கள் நெருங்கி நிற்கும் இடத்துக்குப் போகும்போது தேவைப்படும் காப்பு, ஊர் திரும்பியபின்னும் ஆண்டுதோறும் தேவைப்படும்.

ஏனெனில் வேலூருக்கென்று ஒரு ஃப்ளூ காலம் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கண்காணிப்பு மையங்கள் பத்தின் தரவுகளை வைத்து 2015இல் வெளியான ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. டெல்லி, புனே, கொல்கத்தா போன்ற இடங்களில் ஃப்ளூ உச்சமடைவது தென்மேற்குப் பருவமழையில், ஜூலையிலிருந்து செப்டம்பருக்குள். ஸ்ரீநகரில் குளிர்காலத்தில். சென்னையிலும் வேலூரிலும் மட்டும் அக்டோபர், நவம்பரில். அதாவது ஐப்பசி மழையோடு. ஊசி போட்டு எதிர்ப்புச் சக்தி உருவாக இரண்டு வாரம் ஆகும். ஆகவே இந்த வட்டாரத்து முதியவர்கள் புரட்டாசிக்குள் ஊசி போட்டுக்கொள்வதே பொருத்தம். வடநாட்டுக் கணக்கு இங்கே செல்லாது.

இவ்வளவு பாடுபட வேண்டிய நோயா இது என்று கேட்கலாம். இளைஞனுக்கு ஒரு வாரப் படுக்கை. சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் உள்ள எழுபது வயதுக்காரருக்கு அப்படியல்ல. ஃப்ளூ உறுதியான முதல் ஒரு வாரத்தில் மாரடைப்பு வரும் வாய்ப்பு ஆறு மடங்காகிறது என்று கனடாவில் நடந்த ஆய்வு 2018இல் சொன்னது. பல ஆண்டுகள் டேனரியில் தூசிலும் மருந்து நெடியிலும் மூச்சு விட்டு, இளைப்பு கண்டவர்களுக்கு நிமோனியா எளிதில் பற்றும். ஊசி முழுக் கவசம் அல்ல. வைரஸோடு பொருந்தும் ஆண்டுகளில், மருத்துவரிடம் போக வேண்டிய அளவுக்கு நோய் வருவதை 40 முதல் 60 விழுக்காடு குறைக்கிறது. வயதானவர்களிடம் பலன் சற்றுக் குறையலாம். ஆயினும் நோய் வந்தால் அதன் கடுமை தணியும். பரவலாகப் போடப்படும் ஊசியில் இருப்பது கொல்லப்பட்ட வைரஸ் என்பதால், ஊசியாலேயே ஃப்ளூ வரும் என்ற அச்சத்துக்கு இடமில்லை. ஓரிரு நாள் கைவலியும் லேசான காய்ச்சலும் வரலாம், அவ்வளவே.

தடை மனத்தில் இருப்பதைவிடக் காசில்தான் இருக்கிறது. தனியார் மருத்துவமனையில் ஃப்ளூ ஊசிக்குச் சுமார் 1,500 முதல் 2,000 ரூபாய் ஆகிறது. தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை மாதம் 1,200 ரூபாய். வருங்கால வைப்பு நிதி ஓய்வூதியத்தின் குறைந்தபட்சத் தொகை 2014இலிருந்து 1,000 ரூபாய். ஆயுள் முழுக்கத் தோலோடு போராடியவர் ஒரு மாத ஓய்வூதியத்துக்கு மேல் கொடுத்து ஒரு ஊசி வாங்க வேண்டும் என்பது நியாயமல்ல.

2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேர் அறுபதைத் தாண்டியிருந்தார்கள். 1985இன் பட்டியலை வைத்துக்கொண்டு இந்த மாநிலம் இனியும் ஓட்ட முடியாது. அதற்கான பாதையும் ஏற்கெனவே போடப்பட்டிருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் பணியாளர்கள், எந்த வீட்டில் யாருக்குச் சர்க்கரை, யாருக்கு ரத்தக் கொதிப்பு என்பதை அறிந்து மாத்திரை கொண்டுபோகிறார்கள். அந்தப் பட்டியலில் உள்ள முதியவர்களுக்குப் புரட்டாசியில் ஒரு ஃப்ளூ ஊசியையும் அரசு இலவசமாகச் சேர்க்க வேண்டும். போலியோவில் நாட்டுக்கு வழிகாட்டிய வேலூர் வட்டாரத்திலேயே இதைத் தொடங்கலாம்.

அதுவரை பிள்ளைகள் காத்திருக்க வேண்டாம். அடுத்த முறை அப்பாவையோ அம்மாவையோ சர்க்கரைப் பரிசோதனைக்கு அழைத்துப் போகும்போது, ஃப்ளூ ஊசி போடலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன்பே கேளுங்கள்.