கத்தியும் கருவறையும்

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் வரை பரந்து கிடக்கும் பாறை நிலம் நடுகற்களின் நாடு. ஆநிரை காக்கப் போரிட்டு மாண்ட வீரனுக்குக் கல் நட்டனர், பெயர் பொறித்தனர், வணங்கினர் அந்நாளையோர். இன்றும் வில்லும் வாளும் ஏந்தி நிற்கிறான் அவன், கல்லிலே. களத்தில் மாண்ட ஆண்மகனுக்கு இவ்வளவு சிறப்பு! பிள்ளைப்பேற்றில் மாண்ட பெண்ணுக்கு?

அவளுக்கும் கல் உண்டு, தமிழகத்தின் பழஞ்சாலைகளின் ஓரத்தில். இரண்டு கற்களை நிறுத்தி, குறுக்கே ஒரு கல்லைக் கிடத்திச் சுமைதாங்கி என்றனர். வயிற்றுச் சுமையை இறக்காமலே இறந்தவளின் நினைவாக, வழிப்போக்கன் தன் தலைச்சுமையை இறக்கி இளைப்பாறட்டும் என்று! உருவம் இல்லை, பலவற்றில் பெயரும் இல்லை. அந்தக் கற்களைக் கடந்து நடந்த பெண்கள் தம் மகளிரிடம் என்ன சொல்லியிருப்பர்? பிள்ளை பெறுவது மறுபிழைப்பு என்றுதானே! ஆகவே, மருத்துவர் ‘அறுவை செய்துதான் குழந்தையை எடுக்க வேண்டும்’ என்றதும் ஒரு பெண்ணின் கை நடுங்கினால், அதைக் கோழைத்தனம் என்று நாம் கூறமாட்டோம். அந்த அச்சத்திற்கு வயது பல நூறு ஆண்டுகள்.

வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுக்கும் முறை தொடக்கத்தில் தாயைக் காக்க எழுந்ததன்று. கருவுற்றவள் இறந்தால், குழந்தையை எடுக்காமல் அவளைப் புதைக்கலாகாது என்றது ரோமாபுரியின் பழஞ்சட்டம். தாய் இறந்தும் வயிறு துடிக்குமாயின் உடனே கீறிக் குழந்தையை எடுக்க வேண்டும் என்கிறது சுசுருதர் பெயரால் வழங்கும் வடமொழி மருத்துவ நூல். சந்திரகுப்தனின் அரசி நஞ்சுண்டு மாளும் வேளையில் சாணக்கியன் அவள் வயிற்றைக் கீறிப் பிந்துசாரனை எடுத்தான் என்பது சமணர் கதை. எங்கும் ஒரே காட்சி: பிள்ளைக்கு வாழ்வு, தாய்க்குச் சாவு. சூலியஸ் சீசர் அவ்வாறு பிறந்ததால்தான் சிசேரியன் என்ற பெயர் வந்தது என்பாரும் உளர். அது பொய்க்கதை. அவன் தாய் அவுரேலியா, மகன் படைநடத்திப் புகழ் பெறும் காலம் வரை உயிரோடிருந்தாள்.

உயிருள்ள தாயின் வயிற்றைக் கீறி, தாயையும் சேயையும் ஒருங்கே காத்த தொடக்ககால மருத்துவர்களுள் ஒருவர் சேம்சு பாரி. 1826-இல், தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் அதைச் செய்தார். யார் இந்தப் பாரி? ஆங்கிலப் படையின் மருத்துவ அதிகாரி. 1865-இல் அவர் இறந்தபின் பிணத்தைக் கழுவியவர்கள் கண்டனர், அவர் பெண்ணுடல் கொண்டவர் என்று! பெண்ணுக்கு மருத்துவக் கல்லூரிக் கதவு திறக்காத காலம் அது. ஆணுடை தரித்து எடின்பரோவில் பயின்று 1812-இல் பட்டம் பெற்றவர் அவர். எந்தக் கரத்தை மருத்துவம் தொடக்கூடாதென்று உலகம் விலக்கி வைத்ததோ, அந்தக் கரம் இரண்டு உயிர்களைக் காத்தது.

ஆனால் பாரியின் வெற்றி அரிதினும் அரிது. அறுவைக்கு உள்ளான தாய்மாருள் மிகப் பலர் மாண்டனர். காரணம் கேட்டால் வியப்பாயிருக்கும். கருப்பையில் கீறிய இடத்தை மருத்துவர் தைப்பதே இல்லை! தானே சுருங்கி மூடிக்கொள்ளும் என்று நம்பினர், குருதி கொட்டிற்று, சீழ் பிடித்தது. 1882-இல் செருமனியின் மாக்சு சேங்கர், கருப்பையை வெள்ளிக் கம்பியாலும் பட்டு நூலாலும் தைக்கலாம், தைக்க வேண்டும் என்று காட்டினார். தையல்காரனுக்குத் தெரிந்த செய்தி மருத்துவனுக்கு எட்ட அத்தனை காலம்! அதற்கு முன்பே, 1847-இல், வலி மறக்கக் குளோரோபாரம் கொடுத்தார் சிம்சன். வலியோடு பெறுவதே ஆண்டவன் கட்டளை என்று முணுமுணுத்த பாதிரிகளும் இருந்தனர். அதே 1847-இல் வியன்னாவில் செம்மல்வைசு, ‘கையைக் கழுவிவிட்டுத் தாயைத் தொடுங்கள்’ என்றார், எள்ளி நகையாடினர். பின்னர்க் குருதி வகை கண்டறியப்பட்டது, பெனிசிலின் வந்தது. அச்சத்தின் காரணங்கள் ஒவ்வொன்றாக வீழ்ந்தன.

நம் நாட்டிலோ கத்திக்கு முன்னே வேறொரு சுவர் நின்றது. 1890-களில் திண்டிவனத்தில் ஓரிரவு, மூன்று வீடுகளிலிருந்து மூன்று ஆடவர், பாதிரியார் வீட்டுக் கதவைத் தட்டினர். மூவர் மனைவியரும் பேறுகால இடரில் துடித்தனர். அவ்வீட்டு இளம்பெண் ஐடா ஸ்கடர், ‘என் தந்தை மருத்துவர், அழைத்துச் செல்லுங்கள்’ என்றார். அயல் ஆடவன் எம் பெண்ணைப் பார்ப்பதா என்று திரும்பினர் மூவரும். பொழுது விடிந்தபோது மூன்று பெண்களும் பிணம். அந்த இரவே ஐடாவை மருத்துவராக்கிற்று. 1918-இல் வேலூரில் பெண்களுக்கென மருத்துவப் பள்ளி எழுந்தது. அதற்கு முன்பே, 1875-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து பயின்ற மேரி ஷார்லிப், 1885-இல் சென்னையில் பெண்களுக்கான மருத்துவமனை கண்டார். அதுவே இன்றைய திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை. புதுக்கோட்டை முத்துலட்சுமி 1912-இல் அக்கல்லூரியில் பட்டம் பெற்றார். நீதிக்கட்சித் தலைவர் இராமசாமி முதலியாரின் இரட்டைப் பிறப்பான இலட்சுமணசாமி முதலியார், எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையில் பணிபுரிந்து எழுதிய பாடநூலை இன்றும் மாணவர் பயில்கின்றனர்.

இனி ஓசூருக்கு வருவோம். 1970-களில் சிப்காட் எழுந்தபின் ஊர் உருமாறிவிட்டது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் ஒலிக்கும் எல்லை நகரம். தொழிற்சாலைகளிலே பல மாநிலப் பெண்கள். அதே மாவட்டத்தின் மேற்கே, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி மலைச் சிற்றூர்களில், பதினெட்டு நிரம்பாத சிறுமிக்குத் தாலி கட்டும் கொடுமை இன்னும் ஒழியவில்லை. இடுப்பெலும்பு வளர்ந்து முடியுமுன் பிள்ளை சுமந்தால் வழி அடைபடாதா? அறுவைக்கு அஞ்சுவோர் முதலில் அஞ்ச வேண்டியது அந்த மணமேடைக்கு!

அறுவை அறையில் நடப்பது என்ன? பெரும்பாலும் மயக்கம் கொடுப்பதில்லை. முதுகில் ஓர் ஊசி. இடுப்புக்குக் கீழ் மரத்துவிடும். தாய் விழித்திருப்பாள். இழுப்பும் அழுத்தமும் தெரியும், வலி தெரியாது. அடிவயிற்றில் குறுக்காகக் கீறுவர். பெரும்பாலும் பத்து நிமிடத்திற்குள் குழந்தையின் அழுகுரல் கேட்கும். தைத்து முடிக்க ஒரு மணி நேரம் வரை ஆகலாம். பால் கொடுக்கலாம், மறுநாளே எழுந்து நடக்கச் சொல்வர். அந்த ஊசியால் ஆயுள் முழுதும் முதுகுவலி என்பதை ஆய்வுகள் மெய்ப்பிக்கவில்லை. ஒருமுறை அறுத்தால் மறுமுறையும் அறுவைதான் என்பதும் எல்லோருக்கும் பொருந்தாது. ஆயினும் இது அறுவைதான். குருதிப்போக்கும் தொற்றும் நேரக்கூடும். ஆறுவதற்கு வாரங்கள் வேண்டும். இதை மறைத்து ‘ஒன்றுமில்லை அம்மா’ என்று தேற்றுவதை நாம் ஒப்பமாட்டோம்.

மருத்துவமனைக்கு அஞ்சி வீட்டிலேயே, அதுவும் கைப்பேசிப் படம் பார்த்துப் பேறு பார்க்கத் துணிந்தோரும் உண்டு. 2018-இல் திருப்பூரில் ஒருத்தி, 2023-இல் போச்சம்பள்ளி வட்டாரத்தில் ஒருத்தி, இவ்வாறு மாண்டதைச் செய்தித்தாள்கள் எழுதின. 108 ஊர்தி 2008 முதல் ஓடும் நாட்டில், 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரி திறந்த மாவட்டத்தில்!

மறுபக்கத்தையும் பார்ப்போம். 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழகத்துப் பேறுகளில் நூற்றுக்கு 44.9 அறுவை, அதற்கு முந்தைய கணக்கில் 34.1. அரசு மருத்துவமனைகளில் 36, தனியார் மருத்துவமனைகளில் 63.8! ஒரு நாட்டில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் அறுவை பெருகுவதால் சாவு குறைவதாகத் தெரியவில்லை என்றது உலக நல நிறுவனம், 2015-இல். அப்படியானால் எஞ்சியவை எதற்கு? சிலவற்றிற்குச் சோதிடன் விடை சொல்வான்! நல்ல நட்சத்திரம் போகுமுன் குழந்தையை எடுத்துவிடுங்கள் என்று மருத்துவரிடம் நாள் குறித்துக் கொடுக்கும் குடும்பங்கள் உண்டே! கோள் நகர்வதற்காக ஒருத்தியின் வயிற்றைக் கீறுவதா? ஆகவே, ‘எனக்கு ஏன் அறுவை? காத்திருந்தால் என்ன கேடு?’ என்று கேட்பது பெண்ணின் உரிமை. விடை சொல்வது மருத்துவரின் கடமை.

திருச்சி மலைக்கோட்டையில் ஒரு கதை உண்டு. நிறைமாதக்காரி இரத்தினாவதியின் தாய், காவிரி வெள்ளத்தால் அக்கரையில் தங்கிவிட, சிவனே தாயுருவில் வந்து பேறு பார்த்தாராம், அதனால் தாயுமானவர். சிவனை விடுங்கள், கதை கட்டியவன் ஓர் உண்மையை அறிந்திருந்தான். வலியெடுத்தவளுக்குத் தாய் பக்கத்தில் வேண்டும். இடைவிடாத துணை இருந்தால் அறுவையின் தேவையும் குறைகிறது, அச்சமும் தணிகிறது என்று பல நாட்டு ஆய்வுகள் கூறுகின்றன. தமிழக அரசு மருத்துவமனைகளில் பேறுகாலத் துணைக்கு ஒரு பெண்ணை உடனிருக்க விடும் திட்டம் 2004-இலேயே வந்தது. ஓசூர் ஆலையில் உழைக்கும் பெண்ணுக்குத் தாய்வீடு இரண்டு நாள் இரயில் பயணத் தொலைவில் இருக்கலாம். அவள், வளைகாப்பு நாளன்றே, தன்னோடு வரப்போகும் பெண் யாரென்று முடிவு செய்து, அந்தப் பெயரைச் செவிலியரிடம் சொல்லி வைக்கட்டும்.