உடைத்த சிலம்பும் கல்லின் வடிவமும்

பொதிகையில் பிறந்த பொருநை, மலையை விட்டுச் சமவெளியில் கால் வைக்கும் இடம் பாபநாசம். உலகம்மை கோயில் படித்துறையில் இறங்கி நீருக்குள் கை விட்டால் அகப்படுவது உருண்டு வழவழத்த கூழாங்கல். மலையிலிருந்து பெயர்ந்தபோது அதற்குக் கூர்முனைகள் இருந்தன. அவற்றை ஆறு தேய்த்துவிட்டது. அதே ஆறு கடலை நெருங்கும் இடத்தில் கொற்கை இருக்கிறது. அந்தக் கடலில் எவர் கையும் படாமல், சாணையும் காணாமல், சிப்பிக்குள்ளேயே உருண்டு திரண்ட முத்துக்காகப் பழைய உலகம் கப்பல் விட்டது. ஆற்றின் தலைமாட்டில் தேய்ந்து உருண்ட கல். கால்மாட்டில் பிறக்கும்போதே உருண்ட மணி. இவ்விரண்டுக்கும் இடையிலேதான் நம் மக்கள் அணிகலனுக்குக் கல் தேர்ந்த வரலாறு முழுவதும் அடங்கியிருக்கிறது என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

இந்த எண்ணம் எனக்கு நூல்களிலிருந்து வரவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மருத்துவச் செலவுக்காக என் பாட்டியின் கெம்பு அட்டிகையை விற்க நேர்ந்தது. கடைக்காரர் கற்களை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தார். உள்ளே இருந்த அரக்கைத் தட்டிப் போக்கினார். எஞ்சிய பொன்னை மட்டும் நிறுத்து விலை சொன்னார். “பட்டை இல்லாத கல், விலை போகாது” என்று இருபத்திரண்டு சிவப்புக் கற்களையும் ஒரு தாளில் மடித்துத் திருப்பித் தந்தார். வீட்டுக் குழந்தைகள் அவற்றைப் பல்லாங்குழிக்கு எடுத்துக்கொண்டனர். பின்னொரு நாள் கல் பார்க்கத் தெரிந்த பெரியவர் ஒருவர் வீட்டுக்கு வந்தபோது குழிகளில் இருந்தவை பதினான்கு. அவர் அவற்றை ஒவ்வொன்றாக வெயிலில் பிடித்துப் பார்த்து, மூன்றைத் தனியே ஒதுக்கி வைத்தார். அவை மாணிக்கம், மற்றவை கண்ணாடி. தொலைந்த எட்டில் எத்தனை மாணிக்கம் என்று எங்களில் எவருக்கும் தெரியாது.

கடைக்காரர் எங்களை ஏமாற்றினார் என்று நான் சொல்லவில்லை. அவருக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை. பட்டை இல்லாதது மதிப்பில்லாதது என்ற ஒரு சொல்லை அவர் நம்பினார், நாங்களும் நம்பினோம். அந்தச் சொல் எவ்வளவு பிழையானது என்பதைக் காட்டவே இக்கட்டுரை.

குயிற்றலும் பதித்தலும்

மிகப் பழங்காலத்தில் நம்மவர் கல்லைப் பொன்னில் பதித்ததைக் காட்டிலும் நூலில் கோத்ததே அதிகம். ஆகவே அன்றைய மணிவினையின் உயிர், கல்லைத் துளையிடுவதில் இருந்தது. மதுரைக்காஞ்சி மதுரை நகரத் தொழிலாளரைச் சொல்லும்போது மணி குயிற்றுவோரைக் குறிப்பிடுகிறது; குயிற்றுதல் என்பது துளைத்தல். நொய்யலாற்றங்கரையில் உள்ள கொடுமணலில் 1980களில் தமிழ்ப் பல்கலைக்கழகம் நடத்திய அகழாய்வுகளில் பளிங்கு, பச்சைக்கல், நீலம், சூதுபவளம் முதலிய கற்கள், மூலக்கல்லாகவும் பாதி வேலை முடிந்தவையாகவும் முழு மணிகளாகவும் கிடைத்தன. ஒரு தொழிற்கூடத்தின் எல்லாப் படிகளையும் அங்கே வரிசையாகக் காண முடிந்தது.

கொங்குநாட்டுப் பச்சைக்கல் இயல்பாகவே ஆறு பட்டையுள்ள நீண்ட படிகமாக விளைவது. உரோம அறிஞர் பிளினி, கி.பி. முதல் நூற்றாண்டில், இந்தியாவிலிருந்து வரும் இக்கல்லைப் பற்றி எழுதுகையில், இதை அறுகோணமாகவே தீட்டுகிறார்கள் என்றும், கோணங்களில் பட்டு ஒளி திரும்பும்போதுதான் அதன் மங்கிய நிறம் துலங்குகிறது என்றும் குறிக்கிறார். எனவே, பட்டை தீட்டுதல் முழுவதும் மேலைநாட்டார் தந்தது, உருட்டுதல் மட்டுமே நம்முடையது என்று பிரிப்பது பொருந்தாது. கல் எந்த வடிவத்தைக் கேட்டதோ, அதைக் கைவினைஞன் கொடுத்தான்.

தஞ்சைக் கல்வெட்டின் நேர்மை

கல்லின் வடிவத்தைச் சொல்வதற்கென்றே தமிழில் ஒரு சொற்களஞ்சியம் இருந்தது என்பதற்கு முதலாம் இராசராசன் (985-1014) காலத்துத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளே சான்று. கோயிலுக்கு அளித்த நகைகளில் உள்ள முத்துகளை அவை வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, கறடு, இரட்டை, சப்பத்தி என்று வகைப்படுத்துகின்றன. முத்தின் ஒளியைக் குளிர்ந்த நீர், சிவந்த நீர் என்று பிரிக்கின்றன. வைரத்தைத் தட்டையானது, சதுரமானது, உருண்டையானது என்று எழுதுகின்றன. மாணிக்கத்துக்குக் கோமளம், நீலகந்தி முதலிய பெயர்கள் வருகின்றன.

இவற்றைவிட என்னை நிறுத்திவைப்பது வேறொன்று. நகையின் எடையைச் சொல்லும்போது அதில் சரடும் சட்டமும் அரக்கும் அடங்கியிருப்பதை அக்கல்வெட்டுகள் மறைக்காமல் சொல்கின்றன. கற்களில் வெட்டும் துளையும் வெள்ளைப் புள்ளியும் இருந்தால் அவற்றையும் எழுதி வைக்கின்றன. கொடுத்தவன் பேரரசன், பெற்றவன் இறைவன். இருந்தும் குறை குறைதான் என்று கல்லில் வெட்டினார்கள். நம் காலத்து விலைச்சீட்டுகளில் இந்த நேர்மை முழுமையாக வந்துவிட்டது என்று சொல்ல முடியுமா?

எடையா, ஒளியா?

கல்லுக்கு வடிவம் கொடுப்பவன் எப்போதும் இரண்டு ஆசைகளுக்கு நடுவே நிற்கிறான். எடையைக் காத்தால் ஒளி குறையும்; ஒளியைக் கூட்டினால் எடை குறையும். பதினேழாம் நூற்றாண்டில் கோல்கொண்டா சுரங்கங்களைக் கண்ட பிரெஞ்சு வணிகர் தவெர்னியே ஒரு நுட்பமான செய்தியைப் பதிந்திருக்கிறார். குற்றமற்ற வைரமாயின் இந்தியத் தொழிலாளர் அதை மேலும் கீழும் சற்றே தீட்டிவிட்டு, எடை குறையும் என்று அஞ்சி விட்டுவிடுவர். புள்ளியோ கீறலோ இருந்தால் அது கண்ணில் படாதிருக்க உடல் முழுவதும் பட்டைகளைத் தீட்டிவிடுவர். பட்டைகள் பெருகியிருப்பதே சிறப்புக்கு அடையாளம் என்று எண்ணுவோர் இதை நினைவில் கொள்ளல் வேண்டும்.

எதிர்ப்பக்கத்துக் கதை கோகினூருடையது. 1851இல் இலண்டன் பெருங்கண்காட்சியில் அதைக் கண்ட மக்கள் அதன் ஒளி போதாதென்று ஏமாற்றம் அடைந்தனர். மறு ஆண்டு அதை மீண்டும் வெட்டினார்கள். ஏறத்தாழ 186 காரட்டு இருந்த கல் 106 காரட்டளவுக்குச் சுருங்கியது. ஒளி வந்தது, பாதியை நெருங்கும் எடை தூளாகப் போயிற்று. இந்தியர் எடையைக் காத்தார்கள், ஆங்கிலேயர் ஒளியைத் தேடினார்கள். யார் செய்தது சரி என்பது நாம் கல்லில் எதை விரும்புகிறோம் என்பதைப் பொறுத்தது.

ஒளியின் கணக்கை 1919இல் மார்செல் டோல்கோவ்ஸ்கி என்பவர் நூலாக எழுதினார். வைரத்துக்குள் நுழைந்த ஒளி, அடிப்பட்டைகளில் மோதி, மறுபடியும் மேல்முகம் வழியாகவே வெளிவர வேண்டும். அடி ஆழம் மிகுந்தாலும் குறைந்தாலும் ஒளி பக்கத்திலோ கீழேயோ ஒழுகிவிடும். இன்று பெருவழக்காக உள்ள வட்ட வெட்டுக்கு 57 பட்டைகள். அடிமுனையிலும் ஒரு சிறு பட்டை வைத்தால் 58. நம் வீடுகளின் பழைய ஏழுகல் தோடும் எட்டுக்கல் பேசரியும் பெரும்பாலும் இதற்கு முந்திய முறையில், பின்புறம் மூடிய கட்டடத்தில் அமைந்தவை. அடியில் வைத்த மெல்லிய தகடே அங்கே ஒளியைத் திருப்பி அனுப்பியது. மூடிய கட்டடம் குற்றமன்று. ஆனால் அதற்குள் இருக்கும் கல்லைக் கட்டடத்தோடு வைத்து மதிப்பிட இயலாது என்பதை வாங்குவோரும் விற்போரும் உணர வேண்டும்.

ஒன்பது கயிலையும் ஒன்பது மணியும்

அகத்தியர் சொற்படி உரோமச முனிவர் பொருநையில் ஒன்பது மலர்களை மிதக்கவிட்டார் என்றும், அவை கரையொதுங்கிய இடங்களே நவகயிலாயங்கள் என்றும் நம் பக்கத்து வழக்கு. ஒவ்வொன்றும் ஒரு கோளுக்கு உரியது. ஒவ்வொரு கோளுக்கும் ஒரு மணி உண்டு. ஆற்றோடு நடந்து இந்த ஒன்பதையும் எண்ணினால், கல்லின் வடிவத்துக்கு அதைவிட நல்ல பாடம் கிடைக்காது. கோள்களின் பலனைப் பற்றி நான் பேசவில்லை. கற்களின் இயல்பைப் பற்றியே பேசுகிறேன்.

பாபநாசம் சூரியனுக்கு உரியது, மணி, மாணிக்கம். ஈழத்து இரத்தினபுரியில் மாணிக்கமும் நீலமும் ஆற்றுச் சரளையில் உருண்ட கற்களாகவே தோண்டி எடுக்கப்படுகின்றன. ஆகவே குவிந்த முகமுள்ள வழுவழுப்பான வடிவம் அவற்றின் பிறவி வடிவத்துக்கு மிக அருகில் இருப்பது. நாகர்கோவிலை அடுத்த வடசேரியின் கோயில் நகைகள் இன்றும் அந்தச் சிவந்த குவிமுகத்தையே போற்றுகின்றன. சேரன்மகாதேவி சந்திரனுடையது, மணி, முத்து. அதற்கு வெட்டே இல்லை. உருட்சியும் நீரோட்டமுமே அதன் மதிப்பு. கோடகநல்லூர் செவ்வாய்க்கு உரியது, மணி, பவளம். ஒளி ஊடுருவாத மென்மையான பொருளுக்குப் பட்டை எதற்கு? உருட்டியோ குவித்தோ அணிவதே தக்கது.

குன்னத்தூர் இராகுவுக்கு உரியது; தேன்நிறக் கோமேதகத்தைப் பட்டை தீட்டியே அணிகிறோம். முறப்பநாடு குருவுடையது, புட்பராகத்துக்கும் பட்டையே அழகு. ஸ்ரீவைகுண்டம் சனிக்குரியது, நீலக்கல்லில் நிறம் பெரும்பாலும் ஒரே இடத்தில் திரண்டிருக்கும். தேர்ந்த தொழிலாளி அந்தத் திரட்சி கல்லின் அடிமுனையில் அமையுமாறு வெட்டுவான். மேலிருந்து பார்க்கும்போது கல் முழுவதும் நீலமாகத் தோன்றும். பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தவனுக்கே அந்த உண்மை தெரியும். தென்திருப்பேரை புதனுக்கு உரியது. மரகதம் எளிதில் உடைவது. ஆதலின் நான்கு மூலைகளையும் கொய்த நீள்சதுரமே அதற்குப் பாதுகாப்பான வடிவம்.

இராசபதி கேதுவினுடையது, வைடூரியம். பூனைக்கண் போன்ற ஒளிக்கோடுதான் இதன் சிறப்பு. கல்லினுள் இணையாக ஓடும் நுண்ணிய இழைகளிலிருந்து எழும் அக்கோடு குவிமுகத்தில் மட்டுமே கூடித் தெரியும். பட்டை தீட்டினால் மறைந்துபோகும். எங்கள் அட்டிகையைப் பார்த்தவர் சொன்ன விதியை இங்கே பொருத்திப் பாருங்கள்: பட்டை இல்லாத கல் விலை போகாது என்றால், வைடூரியம் என்று ஒரு மணியே உலகில் இருந்திருக்க முடியாது. இறுதியாக, கடலை ஒட்டிய சேர்ந்தபூமங்கலம் சுக்கிரனுக்கு உரியது, வைரம். அதற்கு மட்டுமே பட்டைகளின் கணக்கு உயிர்நாடி.

வாங்கும் வேளையில் எவரும் செய்யக்கூடியவை சில உண்டு. நிறமும் பட்டையும் உள்ள கல்லை அச்சிட்ட தாளின் மேல் வைத்து நேர் மேலிருந்து நோக்குக. நடுவில் எழுத்து தெளிவாகத் தெரிந்தால் அடி ஆழம் போதாது. ஒளி கீழே ஒழுகுகிறது. முகம் சிறுத்து அடி பருத்திருந்தால், கண்ணுக்குத் தெரியாத எடைக்கும் நாம் பணம் கொடுக்கிறோம். குவிமுகக் கல்லாயின் குவிவு சமமாக இருக்கிறதா, உச்சி நடுவில் நிற்கிறதா என்று பார்த்தல் போதும். பழைய நகையை விற்கும்போது, கற்களைக் கழற்றுமுன் அறிந்த ஒருவரிடம் காட்டுவது எல்லாவற்றினும் தலையாயது.

கொற்கையின் நினைவு

சிலப்பதிகாரத்தில் கோவலன் மதுரையைச் சுற்றிப் பார்க்கும் ஊர்காண் காதையில் மணிக்கடை வீதி ஒன்று வருகிறது. வைரத்தின் நால்வகைக் குற்றத்தையும், மாணிக்கத்தின் நால்வகை இனத்தையும், முத்துக்கு வரும் குறைகளையும் அறிந்தோர் வாழும் வீதி அது. அவ்வீதியைக் கண்ணாரக் கண்டவன், சிலம்பை விற்கப் புறப்பட்டபோது அவர்களிடம் போகவில்லை. வழியில் எதிர்ப்பட்ட பொற்கொல்லனிடம் கொடுத்தான். அந்தச் சிலம்பினுள் என்ன பரல் என்று பாண்டியனும் கேட்கவில்லை, காவலரும் கேட்கவில்லை. தன் சிலம்பில் மாணிக்கம் என்று கண்ணகியும், அரசியின் சிலம்பில் முத்து என்று மன்னனும் சொல்லி, அது உடைக்கப்பட்டபோதுதான் உண்மை வெளிவந்தது. அதற்குள் கோவலன் இறந்திருந்தான். மூடிய நகைக்குள் இருந்த கல்லை ஒருமுறை பார்த்திருந்தால் ஓர் உயிர் தப்பியிருக்கும்.

அதன்பின் நடந்தது நம் ஆற்றின் முகத்துவாரத்தில். கொற்கையில் இருந்த வெற்றிவேற் செழியன், பத்தினிக்குப் பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட்டான் என்று அக்காப்பியத்தின் உரைபெறு கட்டுரை கூறுகிறது. ஒருவன் சொன்ன பொய்க்கும், ஒருவரும் சோதிக்காத குற்றத்துக்கும் ஒரு தொழிலே விலை கொடுத்தது. அறியாமையால் விளைந்த இழப்பை நாம் பெரும்பாலும் கைவினைஞன் தலையில்தான் ஏற்றுகிறோம்.

ஆறு கொணர்ந்த வண்டலால் கொற்கை இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே தள்ளி நிற்கும் சிற்றூர். தூத்துக்குடிக் கடலின் பெரிய முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. மணியின் வடிவத்துக்கு நாம் வைத்திருந்த வட்டம், அனுவட்டம் முதலிய சொற்களும் கல்வெட்டோடு நின்றுவிட்டன. சொல் மறைந்தால் கண்ணும் மறைந்துவிடும். கண் மறைந்தால் மாணிக்கமும் பல்லாங்குழிக்குப் போகும்.

அந்த மூன்று கற்களையும் நாங்கள் பட்டை தீட்டவில்லை. பாட்டிக்குப் பின் வந்த பெண்ணுக்கு, அதே குவிமுகத்தோடு, பின்புறம் திறந்த கட்டடத்தில் ஒரு மோதிரமாகச் செய்து கொடுத்தோம். அவள் பாபநாசத்துப் படித்துறையில் அமர்ந்து கையை நீட்டினால், வெயில் கல்லின் ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் சிவந்து வெளிவருகிறது. இப்போது அதனுள் இருப்பது இன்னதென்று எல்லோருக்கும் தெரியும்.