1980: இரண்டு சண்டை ஆட்டங்கள், இரண்டு விதமான நினைவு

1980ஆம் ஆண்டு மே 10ஆம் திகதி, கிளாஸ்கோ நகரின் ஹம்ப்டன் பார்க் மைதானத்தில் ஸ்கொட்டிஷ் கிண்ண இறுதியாட்டம். செல்டிக்கும் ரேஞ்சர்ஸும் மோதின. மூன்று மாதம் கழித்து, ஓகஸ்ட் 16ஆம் திகதி, கல்கத்தாவின் ஈடன் கார்டன்ஸில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் லீக் ஆட்டத்தில் மோதின. இரண்டிலும் எதிரும் புதிருமாய் நின்றவை ஒரே ஊர்க் கழகங்கள். இரண்டிலும் ரசிகர்கள் கைகலந்தார்கள். ஹம்ப்டனில் உயிர் எதுவும் போகவில்லை. ஈடனில் 16 ரசிகர்கள் இறந்தார்கள். அந்த இரு நாட்களையும் பார்த்தவர்கள் இன்று முதியவர்கள். அவர்கள் எதை நினைவில் வைத்திருக்கிறார்கள், எதைக் கைவிட்டிருக்கிறார்கள் என்பதை அருகருகே வைத்துப் பார்ப்பதுதான் இங்கே என் வேலை.

மாத்தளையில் இருந்துகொண்டு கிளாஸ்கோவையும் கல்கத்தாவையும் ஏன் பேச வேண்டும்? இது ஹொக்கிக்குப் பேர்போன ஊர். உதைபந்தாட்டத்தில் நமக்கு அந்த அளவு பெயர் இல்லை. ஆனாலும் அந்த இரு ஊர்களின் பகையை மாத்தளைத் தமிழருக்கு நீட்டி விளக்கத் தேவையில்லை என்று நினைக்கிறேன். 1840களில் உருளைக்கிழங்குப் பஞ்சத்துக்குத் தப்பி அயர்லாந்தை விட்டு வந்தவர்கள் கிளாஸ்கோவில் குடியேறினார்கள். அதே காலத்தில்தான் தமிழகத்தில் இருந்து கோப்பித் தோட்டங்களுக்குக் கிளம்பிய நம் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே தம்புள்ளை கடந்து மாத்தளைக்கு நடந்து வந்தார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். வந்து சேர்ந்தவர்களை 'வந்தவர்கள்' என்றே தலைமுறை தலைமுறையாகச் சொல்லும் வழக்கம் எப்படியிருக்கும் என்பது நமக்குத் தெரியும்.

செல்டிக் அப்படி வந்தவர்களின் கழகம். கிளாஸ்கோவின் கிழக்குப் பகுதியில் பட்டினி கிடந்த ஐரிஷ் கத்தோலிக்கக் குடும்பங்களின் பிள்ளைகளுக்குச் சோறு போடப் பணம் சேர்க்க, சகோதரர் வோல்ஃப்ரிட் என்ற துறவி 1887இல் அதைத் தொடங்கினார். ரேஞ்சர்ஸ் அதற்கு முந்தியது, 1872இல் பிறந்தது. காலப்போக்கில் அது புரட்டஸ்தாந்தரின் கழகமாக இறுகிப்போனது. 1989இல் மோ ஜோன்ஸ்டன் என்ற கத்தோலிக்க வீரரை ரேஞ்சர்ஸ் ஒப்பந்தம் செய்தபோது அந்த ஊரே அதிர்ந்தது என்றால், இறுக்கம் எவ்வளவு என்று கணக்கிட்டுக்கொள்ளலாம்.

கல்கத்தாவில் மதம் குறுக்கே வரவில்லை, ஊர் வந்தது. 1889இல் தொடங்கிய மோகன் பகான், 1911இல் ஈஸ்ட் யோர்க்‌ஷயர் ரெஜிமென்ட்டை வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைத் தூக்கிய கழகம். கிழக்கு வங்கத்து வீரர் ஒருவரை ஜோராபகான் அணி மோகன் பகானுக்கு எதிரான ஆட்டத்தில் ஒதுக்கிவைத்த மனக்கசப்பில் 1920இல் ஈஸ்ட் பெங்கால் பிறந்தது. 1947இல் நாடு பிரிந்து, வீடு வாசலை விட்டு வந்த இலட்சக்கணக்கானோர் கல்கத்தாவின் ஓரங்களில் காலனி அமைத்தபோது, இழந்த ஊரின் பெயரை இன்னும் உரக்கச் சொல்ல அவர்களுக்குக் கிடைத்த இடம் அந்தக் கழகம்தான். மேற்கு வங்கத்தார் 'கோட்டி', கிழக்கில் இருந்து வந்தவர்கள் 'பாங்கால்'. ஈஸ்ட் பெங்கால் வென்றால் அன்று இலிஷ் மீன், மோகன் பகான் வென்றால் இறால். சந்தை விலை வரை போன பகை அது.

இனி ஆட்டங்களுக்கு வருவோம்.

ஹம்ப்டனில் அன்று 70,303 பேர். தொண்ணூறு நிமிடத்தில் கோல் இல்லை. மேலதிக நேரத்தில் டனி மெக்ரெய்ன் அடித்த பந்தை ஜோர்ஜ் மெக்ளஸ்கி கால் வைத்துத் திருப்ப, செல்டிக் 1-0 என வென்றது. செல்டிக் வீரர்கள் தங்கள் ரசிகர் பக்கம் ஓடினார்கள். ரசிகர்களும் வேலியேறிக் குதித்து அவர்களிடம் ஓடினார்கள். அதைப் பார்த்த ரேஞ்சர்ஸ் ரசிகர்கள் எதிர்முனையில் இருந்து இறங்கினார்கள். பிறகு போத்தல், கல், இரும்புக் கம்பி. தடுக்க வேண்டிய பொலிஸார் மைதானத்துக்குள் இல்லை. கலவரம் வெளியே வரும் என்று எதிர்பார்த்து அவர்களைச் சுற்றுத் தெருக்களில் நிறுத்தியிருந்தார்கள். கடைசியில் குதிரைப் பொலிஸார் உள்ளே வந்து கூட்டத்தைக் கலைத்தார்கள். 200க்கும் மேற்பட்டோர் கைதானார்கள். இவ்வளவும் நேரடி ஒளிபரப்பில் வீட்டு வரவேற்பறைகளுக்குப் போய்க்கொண்டிருந்தது.

ஈடன் கார்டன்ஸில் நடந்தது வேறு மாதிரி. அங்கே கோபம் மைதானத்தின் புல்லிலேயே தொடங்கியது. மோகன் பகானின் இடதுபுற முன்வரிசை வீரர் பிதேஷ் போஸ் வேகமானவர். அவரை மறிக்க ஈஸ்ட் பெங்கால் நிறுத்திய திலீப் பாலித், தொடக்கத்தில் இருந்தே அவர் காலைக் குறிவைத்து ஆடினார் என்பது அன்று அங்கிருந்தவர்களின் பேச்சு. இரண்டாம் பாதியில் பாலித் மீண்டும் தட்டிவிட, பிதேஷ் திருப்பி உதைத்தார். நடுவர் சுதின் சட்டர்ஜி இருவருக்கும் சிவப்பு அட்டை காட்டினார். அந்த நேரத்தில் ரஞ்சி ஸ்டேடியம் என்ற பகுதியில் இரு கழக ரசிகர்களும் ஒருவரோடொருவர் கலந்து உட்கார்ந்திருந்தார்கள். கைகலப்பு கல்லெறியானது. தப்பி ஓடியவர்கள் ஒடுங்கிய படிகளில் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். மேல்தளத்தில் இருந்து குதித்தவர்களும் உண்டு. கோல் இல்லாமல் முடிந்த அந்த ஆட்டத்தில், வெளியே எத்தனை உயிர் போயிற்று என்பது விளையாடியவர்களுக்கே பின்னர்தான் தெரிந்தது.

நினைவைப் பொறுத்தவரை இரு ஊர்களும் இங்கேதான் பிரிகின்றன. ஹம்ப்டனை நினைப்பவர்கள் அதை வாய்விட்டுச் சொல்வார்கள். வெள்ளைக் குதிரையில் வந்த பெண் பொலிஸ் அதிகாரி, அந்தக் குதிரையின் பெயர் பலன்ட்ரே, வேலியில் கிழிந்த காற்சட்டை, எதிரியை எத்தனை யார் தூரம் துரத்தினோம் என்பது. சொல்லும்போது குரல் ஏறும். யாரும் சாகவில்லை என்பதால் அதைச் சாகசக் கதையாக வைத்துக்கொள்ள அவர்களால் முடிகிறது. ஈடனை நினைப்பவர்களிடம் அந்த ஏற்றம் கிடையாது. அவர்கள் கதை எப்போதும் காலையில் தொடங்கும்: வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பியது, நுழைவுச்சீட்டுக்காக நின்றது, எந்தப் படி வழியாக வெளியே வந்தது என்று. மன்னா டே அந்த இழப்பைப் பற்றி ஒரு பாடல் பாடினார். வங்கத்தில் அந்த நாளை ஆட்டத்தைப் பார்க்காதவர்களும் அறிந்திருப்பதற்கு அந்தப் பாட்டு ஒரு காரணம்.

ஆனால் இரண்டு நினைவுகளுக்கும் பொதுவான ஒரு குறை உண்டு. இரண்டும் ஓர் ஆளைத் தேடுகின்றன. ஹம்ப்டனில் முதலில் வேலி தாண்டியது யார்? செல்டிக் வீரர்கள் ரசிகர்களிடம் ஓடியதா தவறு? ஈடனில் பாலித்தா, பிதேஷா? அட்டையைத் தாமதமாகக் காட்டிய நடுவரா? நாற்பது ஆண்டு கடந்தும் இந்தக் கேள்விகள் ஓயவில்லை. மைதானத்தின் வாசல் எத்தனை அகலம், படியில் கைப்பிடி இருந்ததா, சீட்டு விற்றவர்கள் இரு தரப்பையும் ஏன் ஒரே பகுதியில் உட்காரவைத்தார்கள் என்ற கேள்விகளுக்கு நினைவில் இடம் குறைவு. சிமெந்துப் படியை யாரும் திட்ட முடியாது. அதற்கு முகம் இல்லை.

இதை வெறும் ஊகமாகச் சொல்லவில்லை. கிளாஸ்கோவிலேயே இதற்குச் சான்று உண்டு. 1971 ஜனவரி 2ஆம் திகதி, ரேஞ்சர்ஸின் சொந்த மைதானமான ஐபுரொக்ஸில் இதே இரு கழகங்களின் ஆட்டம். முடியும் தறுவாயில் செல்டிக்கின் ஜிம்மி ஜோன்ஸ்டன் கோல் அடித்தார். கடைசி நொடிகளில் ரேஞ்சர்ஸின் கொலின் ஸ்டெய்ன் சமன் செய்தார். ஆட்டம் முடிந்து 13ஆம் இலக்கப் படிக்கட்டால் இறங்கிய கூட்டத்தில் நெரிபட்டு 66 பேர் இறந்தார்கள். சண்டை எதுவும் இல்லை. அதற்குப் பிறகு ஒரு கதை பரவியது: தோற்றுவிட்டோம் என்று இறங்கிக்கொண்டிருந்தவர்கள் ஸ்டெய்னின் கோல் ஆரவாரம் கேட்டுத் திரும்பி மேலே ஓடினார்கள், கீழே இறங்கியவர்களோடு மோதினார்கள் என்று. விசாரணை அதை ஏற்கவில்லை. எல்லோரும் ஒரே திசையில் இறங்கிக்கொண்டிருந்தார்கள் என்பதே அது கண்டது. ஆனாலும் கதை சாகவில்லை. பல ஆண்டுகள் அதுவே நடந்த உண்மைபோல் சொல்லப்பட்டது. ஒரு கோலும் ஒரு வீரரின் பெயரும் இருந்தால் நினைவு அதைப் பற்றிக்கொள்கிறது. அதே படிக்கட்டில் 1961இலேயே இருவர் இறந்திருந்தார்கள். அந்தச் செய்தியைச் சொல்லும் ரசிகர் மிகக் குறைவு.

ஆயினும் கிளாஸ்கோவுக்கு ஒரு பாராட்டு உரியது. ரசிகர் மறந்ததை அரசு எழுதிவைத்தது. ஐபுரொக்ஸ் மரணங்களுக்குப் பின் வீட்லி பிரபு அறிக்கை தந்தார். 1975இல் விளையாட்டு மைதானப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ரேஞ்சர்ஸ் தங்கள் மைதானத்தையே இடித்துக் கட்டினார்கள். ஹம்ப்டன் கலவரத்துக்குப் பின் இரு கழகங்களும் தலா 20,000 பவுண் தண்டம் கட்டின. அதே 1980இல் வந்த சட்டம் ஸ்கொட்லாந்தின் உதைபந்தாட்ட மைதானங்களில் மதுவைத் தடை செய்தது. றக்பிக்குப் பிற்காலத்தில் தளர்த்தியபோதும் உதைபந்தாட்டத்துக்கு அந்தத் தடை நீங்கவில்லை. அன்றைய கைகலப்பைக் கண்ணால் பார்க்காத மூன்றாம் தலைமுறை ரசிகரும் தேநீர்க் குவளையோடு நிற்க வேண்டியிருக்கிறது.

கல்கத்தா துக்கத்தை வைத்துக்கொண்டது. ஒவ்வோர் ஆண்டும் ஓகஸ்ட் 16ஐ உதைபந்தாட்ட ரசிகர் நாளாகக் கடைப்பிடித்து, இறந்தவர்கள் நினைவாக இரத்ததான முகாம் நடத்துகிறார்கள். இந்த வழக்கத்தின் மேல் எனக்குப் பெரும் மதிப்பு உண்டு. ஊருக்குள் இரு பகுதியாய்ப் பிரிந்து நிற்பவர்கள் ஒரே கட்டிலில் மாறி மாறிப் படுத்து இரத்தம் கொடுக்கும் வழக்கத்தைக் கிளாஸ்கோ உண்டாக்கவில்லை. ஆனால் அந்த 16 பேரின் சாவு இந்தியா முழுவதற்கும் ஒரு மைதானப் பாதுகாப்புச் சட்டத்தைத் தந்திருக்க வேண்டும். அந்த இடத்தில் கல்கத்தாவின் நினைவு போதவில்லை. பாலித்தையும் பிதேஷையும் பற்றிப் பேசிய அளவுக்கு ரஞ்சி ஸ்டேடியத்தின் படிகளைப் பற்றிப் பேசியிருந்தால் நிலைமை மாறியிருக்கலாம். இரு விளையாட்டுக்காரர் ஒருவரையொருவர் உதைத்தது தவறுதான். 16 உயிரின் பாரத்தை அவர்கள் தோளில் ஏற்றுவது அநியாயம்.

1984இல் சோல்ட் லேக் மைதானம் திறந்தபின் பெரிய ஆட்டங்கள் அங்கே போயின. 1997 ஃபெடரேஷன் கிண்ண அரையிறுதியில் ஒரு இலட்சத்து முப்பதாயிரத்துக்கும் அதிகமானோர் கூடினார்கள். பைச்சுங் பூட்டியா மூன்று கோல் அடிக்க, ஈஸ்ட் பெங்கால் மோகன் பகானை 4-1 என வென்றது. ஆட்டத்துக்கு முன் பி.கே. பானர்ஜி, அமல் தத்தா ஆகிய இரு பயிற்சியாளர்களின் வாய்ச்சண்டை பத்திரிகைகளை நிறைத்தது. கல்கத்தாக்காரர் இன்றும் முகம் மலர்ந்து சொல்லும் ஆட்டம் இதுதான். பகையும் இருந்தது, கூட்டமும் இருந்தது, எல்லோரும் வீடு திரும்பினார்கள்.

அண்மைக் காலத்தில் இரு ஊர்களும் போன பாதை என்னை யோசிக்கவைக்கிறது. கிளாஸ்கோவில் 2018இல் எதிரணி ரசிகருக்கான இடம் சில நூறாகக் குறைக்கப்பட்டது. பிறகு சில பருவங்களில் எதிரணி ரசிகர் ஒருவரும் இல்லாமலே லீக் ஆட்டங்கள் நடந்தன. பாதுகாப்புக்காக எதிரியையே மைதானத்தில் இருந்து அகற்றிவிட்டால் மிஞ்சுவது பாதி ஆட்டம். சட்டத்தின் பாதையிலேயே நடந்த ஊர் அந்த எல்லைக்குப் போய்ச் சேர்ந்தது.

கல்கத்தாவில் 2024 ஓகஸ்டில் ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் ஓர் இளம் மருத்துவர் வன்புணர்ந்து கொல்லப்பட்டபோது ஊர் கொதித்தது. பாதுகாப்புக்குப் பொலிஸார் போதாது என்று ஓகஸ்ட் 18இல் நடக்கவிருந்த இரு கழகங்களின் டூரண்ட் கிண்ண மோதலை இரத்துச் செய்தார்கள். ஆட்டம் இல்லாத மைதானத்துக்கு ரசிகர்கள் வந்தார்கள். ஈஸ்ட் பெங்காலின் சிவப்பு-மஞ்சளும் மோகன் பகானின் பச்சை-மரூனும் கலந்து, அதே ஊரின் மொஹமெடன் ஸ்போர்ட்டிங் ரசிகரும் சேர்ந்து, நீதி கேட்டுச் சோல்ட் லேக் வாசலில் நின்றார்கள். பொலிஸார் தடியடி நடத்தினார்கள். 1980இல் அடுத்தடுத்து உட்கார்ந்து அடித்துக்கொண்டவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பார்கள். ஓகஸ்ட் 16 கடந்து இரண்டே நாள் ஆகியிருந்தது. இரத்ததான முகாம்களில் ஒன்றாய் நின்று பழகியவர்கள் வீதியிலும் ஒன்றாய் நின்றதை நான் தற்செயல் என்று எண்ணவில்லை.

மாத்தளை மாவட்டத்துத் தோட்ட மைதானங்களில் பார்வையாளர் கோட்டோரத்திலேயே நிற்கிறார்கள். வேலி இல்லை, படி இல்லை, இரு தரப்பும் தோளோடு தோள். தோட்டத்துக்குத் தோட்டம் ஆட்டம் என்றால் சூடும் குறைவில்லை. அடுத்த ஆட்டத்துக்கு நாள் குறிக்கும்போது ஒழுங்கமைப்பாளர்கள் முதலில் பேச வேண்டியது எந்த வீரருக்குத் தடை என்பதையா, வெளியேறும் வழி எத்தனை என்பதையா என்று கேட்டால், நான் இரண்டாவதையே சொல்வேன். முதலாவதை ரசிகர்களே மறக்காமல் பார்த்துக்கொள்வார்கள்.