வாயு லாரிகளின் தீப்பொறி: கரி பஸ் முதல் தனித்தியங்கும் எரியூட்டல் வரை

தனித்தியங்கும் எரியூட்டல் அமைப்பு என்பது, எரிபொருள் செலுத்தும் கருவிகளோடு சேராமல், ஸ்பார்க் பிளக்கில் எப்போது தீப்பொறி விழ வேண்டும் என்பதை மட்டும் கணித்து நடத்தும் மின்னணு அமைப்பு. புரோப்பேனும் பியூட்டேனும் கலந்த எல்.பி.ஜி.க்கோ, இயற்கை எரிவாயுவுக்கோ மாற்றப்பட்ட லாரி, பேருந்து எஞ்சின்களில் இது பொருத்தப்படுகிறது.

சென்னையிலிருந்து கேளம்பாக்கம், திருப்போரூர் வழியாக மாமல்லபுரம் செல்லும் சாலையில் ஓடும் டீசல் லாரிகளின் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் ஒன்றுகூடக் கிடையாது. காற்றை அழுத்தியே சூடாக்கி அதில் டீசலைப் பீய்ச்சினால் அது தானே பற்றிக்கொள்ளும். இரண்டு தலைமுறைக்கு முந்தைய பெட்ரோல் லாரிகளில் பிளக் இருந்தது. தமிழகக் கனரக வண்டிகளில் முதலில் இருந்த தீப்பொறி, டீசல் வந்ததும் மறைந்து, வாயு எரிபொருளோடு திரும்பி வந்திருக்கிறது. எரிபொருள் மாற்றத்தின் வரலாற்றைத் தொட்டியையும் சிலிண்டரையும் வைத்தே பலரும் எழுதுகிறார்கள். மாற்றப்பட்ட எஞ்சின் நிலைப்பதும் கெடுவதும் பெரும்பாலும் தீப்பொறி விழும் நேரத்தைப் பொறுத்தது.

டெல்கோ

தொடக்க காலப் பெட்ரோல் எஞ்சின்களில் மேக்னெட்டோ இருந்தது. ஜெர்மனியின் பாஷ் நிறுவனத்தில் காட்லோப் ஹோனோல்டு 1902-ல் உருவாக்கிய உயர் மின்னழுத்த மேக்னெட்டோ உலகெங்கும் பரவியது. பிறகு அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் பேட்டரி, காயில், பாயிண்ட் கொண்ட முறையை உருவாக்கினார். டேட்டன் நகரில் 1909-ல் தொடங்கிய அவருடைய நிறுவனத்தின் பெயர் டெல்கோ. இன்றும் நம் ஊர் பட்டறைகளில் டிஸ்ட்ரிபியூட்டரை, எந்த நிறுவனம் செய்ததாக இருந்தாலும், டெல்கோ என்றே சொல்கிறார்கள். நிறுவனப் பெயர் பொருளின் பெயராகிவிட்டது.

டெல்கோவுக்குள் இருக்கும் சிறு எடைகள் வேகம் கூடக்கூட வெளியே விரிந்து தீப்பொறியை முன்னதாக விழச் செய்யும். பட்டறை வழக்கில் இதற்கு அட்வான்ஸ் என்று பெயர். அந்த எடைகளும் ஸ்பிரிங்குகளும் பெட்ரோல் எரியும் வேகத்துக்கு அளந்து செய்யப்பட்டவை. வேறு எரிபொருள் வந்தபோது சிக்கல் இங்கிருந்துதான் தொடங்கியது.

கரி பஸ்

இரண்டாம் உலகப் போரில் இந்தியாவில் பெட்ரோல் பங்கீடு 1941-ல் வந்தது. 1942-ல் பர்மா ஜப்பானியர் வசமானதும் அங்கிருந்து வந்த எண்ணெயும் நின்றது. பேருந்து முதலாளிகளுக்கு எஞ்சிய வழி அடுப்புக்கரி. 1912-ல் மதுரையில் பேருந்துச் சேவை தொடங்கிய டி.வி. சுந்தரம் ஐயங்கார் இக்காலத்தில் வண்டிகளுக்கான கரிவாயு உலையை வடிவமைத்துத் தயாரித்தார். டி.வி.எஸ். கேஸ் பிளாண்ட் என்று அது அழைக்கப்பட்டது. மோட்டார் தொழிலின் பெரும் பெயராக வளர்ந்த குழுமத்தின் வரலாற்றில் இது ஒரு வரிச் செய்தியாகவே இடம்பெறுகிறது. உண்மையில் அது அக்காலத்துப் பொறியியல் வேலைகளில் கடினமான ஒன்று.

உலை பெரும்பாலும் வண்டியின் பின்பக்கம் இருந்தது. குறைந்த காற்றில் கரியை எரித்தால் கார்பன் மோனாக்சைடு கிடைக்கும். அதைக் குளிர்வித்து, சாம்பலையும் தூசையும் வடிகட்டி எஞ்சினுக்கு அனுப்புவார்கள். புறப்படும் முன் கிளீனர் கைப்பிடியைச் சுழற்றி உலைக்குக் காற்று ஊத வேண்டும். மேட்டில் வண்டி திணறினால் பயணிகள் இறங்கி நடந்தார்கள், சில சமயம் தள்ளவும் செய்தார்கள். தமிழர் நினைவில் கரி பஸ் நகைச்சுவையாகவே தங்கியிருக்கிறது. நிறமும் மணமும் இல்லாத அந்த நச்சு வாயுவின் பக்கத்தில் நாள் முழுவதும் நின்ற கிளீனருக்கு அதில் சிரிக்க ஒன்றும் இல்லை.

கரிவாயுவில் பாதிக்கு மேல் எரியாத நைட்ரஜன். அதனால் பெட்ரோலில் கிடைத்த திறனில் ஏறத்தாழ 40 முதல் 50 விழுக்காடு வரை குறைந்தது. அது மெதுவாகவும் எரியும். பெட்ரோலுக்கு வைத்த நேரத்திலேயே தீப்பொறி விழுந்தால், பிஸ்டன் கீழே இறங்கத் தொடங்கிய பிறகும் வாயு எரிந்துகொண்டிருக்கும். மிச்சத் திறனும் புகைக்குழாய் வழியே போய்விடும். எனவே டெல்கோவைத் திருப்பி அட்வான்ஸை 10 முதல் 15 டிகிரி வரை கூட்டுவார்கள். பிளக் இடைவெளியையும் 0.30 முதல் 0.35 மில்லிமீட்டர் அளவுக்குக் குறைப்பார்கள். ஆனால் பல வண்டிகள் பெட்ரோலில் கிளம்பிக் கரிவாயுவுக்கு மாறின. ஒரே டெல்கோவில் இரண்டு எரிபொருளுக்கும் சரியான நேரம் கிடைக்காது. ஓட்டுநர் இரண்டுக்கும் நடுவில் ஓர் இடத்தில் சமாதானம் செய்துகொள்ள வேண்டியிருந்தது.

பிளக் இல்லாத காலம்

போர் முடிந்து பெட்ரோல் திரும்பியது. 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது. எண்ணூரிலிருந்து டீசல் லாரிகளும் பேருந்துகளும் வந்தன. சென்னை சிம்ப்சன் நிறுவனத்தின் பெர்கின்ஸ் டீசல் எஞ்சின்கள் பழைய பெட்ரோல் லாரிகளிலும் ஏறின. லாரி மெக்கானிக் பிளக்கை மறந்து பம்ப், நாசில் பழுதில் தேர்ந்தார். 1961-ல் சென்னை பாடியில் தொடங்கிய லூகாஸ் டி.வி.எஸ். செய்த டிஸ்ட்ரிபியூட்டர்களுக்குக் கார்களே இடமாயின.

டீசல் எஞ்சினில் மீண்டும் பிளக்

அமெரிக்காவில் புரோப்பேன் லாரிகளும் பேருந்துகளும் 1950-களிலேயே ஓடின. இந்தியாவில் எல்.பி.ஜி.யை வாகன எரிபொருளாக்கச் சட்டம் இடம் கொடுத்தது 2000-ல்தான். அது ஆட்டோக்களிலும் கார்களிலும் நின்றுவிட்டது. கனரக வண்டிகளுக்கு வந்தது அழுத்தப்பட்ட இயற்கை எரிவாயு. அசோக் லேலண்ட் 1997-ல் அத்தகைய பேருந்தை மும்பைக்குக் கொடுத்தது. 1998 ஜூலை 28-ல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவால் தில்லிப் பேருந்துகள் அனைத்தும் 2002 இறுதிக்குள் அந்த வாயுவுக்கு மாறின.

எல்.பி.ஜி.யோ இயற்கை எரிவாயுவோ, டீசல் எஞ்சினுக்கு முன்னால் இரண்டுக்கும் ஒரே குறை உண்டு. டீசல் 250 டிகிரி செல்சியஸுக்கு உள்ளாகவே தானே பற்றும். புரோப்பேனுக்கு ஏறத்தாழ 470, மீத்தேனுக்கு 540 டிகிரி வேண்டும். அழுத்தச் சூட்டை மட்டும் நம்பி இவற்றைப் பற்றவைக்க முடியாது. ஆகவே நாசில் இருந்த துளையில் பிளக் வருகிறது. பம்ப் கழற்றப்படுகிறது. காற்றை அளக்க திராட்டில் சேர்க்கப்படுகிறது. பிஸ்டன் தலையைக் கடைந்து, 16 முதல் 18 வரை இருந்த அழுத்த விகிதத்தை 10 முதல் 12 வரை இறக்குகிறார்கள். இவ்வளவும் உலோக வேலை, நல்ல லேத் பட்டறையில் முடிந்துவிடும். தீப்பொறி நேரத்தை லேத்தில் கடைய முடியாது.

நேரம் குறித்தல்

புரோப்பேனுக்குக் குறைந்த வேகத்தில் பெட்ரோலைவிடக் கூடுதல் அட்வான்ஸ் வேண்டும், உயர்ந்த வேகத்தில் பெட்ரோலைவிடக் குறைவாக வேண்டும். டெல்கோவை மொத்தமாகத் திருப்பினால் ஒரு முனை சரியாகும்போது மறுமுனை கெடும். கரி பஸ் ஓட்டுநரின் பழைய சங்கடமேதான். தனித்தியங்கும் அமைப்பு எடைகளுக்குப் பதிலாக ஓர் அட்டவணையை வைத்துக்கொள்கிறது. ஒரு பக்கம் எஞ்சின் வேகம், மறுபக்கம் சுமை, ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை டிகிரி முன்னதாகப் பொறி விழ வேண்டும் என்ற எண்.

எஞ்சின் எங்கே நிற்கிறது என்பதை கிராங்க் தண்டின் முன்பக்கம் பொருத்தும் பற்சக்கரம் சொல்லும். 36 பல்லுக்கு இடமுள்ள சக்கரத்தில் ஒன்றை வெட்டிவிடுவது ஒரு முறை. ஒரு பல்லுக்கு 10 டிகிரி, வெட்டிய இடம் தொடக்கக் குறி. ஆறு சிலிண்டருக்கு மூன்று காயில் வைத்து, ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு பிளக்கில் பொறி விடுவது மலிவான வழி. அதில் ஒரு பொறி வெளியேற்ற வீச்சின் இறுதியில் வீணாக விழும். உள்ளே வரும் குழாய் முழுவதும் வாயுக் கலவை நிறைந்திருக்கும் வண்டியில் அந்த வீண்பொறி குழாயிலேயே வெடிக்கச் செய்யலாம். கேம் தண்டுக்கும் ஒரு சென்சார் வைத்து, பிளக்குக்கு ஒரு காயில் கொடுப்பதே லாரிக்கு நல்லது. வாயுக் கலவையில் பொறி பாய பெட்ரோலைவிட அதிக மின்னழுத்தமும் தேவை. பழைய காயிலும் வெடித்த ஒயரும் சுமையேறும்போது கைவிடும்.

எல்லாம் பொருத்திய பிறகு செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அட்டவணையை ஒதுக்கிவிட்டு, அட்வான்ஸை 10 டிகிரி என்று நிலையாக வைத்து, டைமிங் லைட்டைப் புல்லியின் மேல் அடித்துப் பார்க்க வேண்டும். குறி 10-ல் நிற்காமல் 18-ல் நின்றால், அட்டவணையின் ஒவ்வொரு எண்ணும் 8 டிகிரி பொய். திரையில் எல்லாம் ஒழுங்காகவே தெரியும். சுமையோடு மேடேறும்போது எஞ்சின் உள்ளே தட்டும், லாரியின் இரைச்சலில் ஓட்டுநருக்குக் கேட்காது, பிஸ்டனில் ஓட்டை விழுந்த பிறகே தெரியவரும். தவறு மறுபக்கம் இருந்தால் வெப்பமெல்லாம் புகைக்குழாய்ப் பக்கம் போய் வால்வு கருகும்.

இன்றைய விதிகளின்படி, மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுக்கு உட்பட்டு, ஒப்புதல் பெற்ற கருவித் தொகுப்பைக் கொண்டே வண்டியை வாயுவுக்கு மாற்றலாம். பதிவுச் சான்றிதழிலும் எரிபொருள் மாற்றம் பதிவாக வேண்டும். எண்ணூரில் திரவ இயற்கை எரிவாயு முனையம் 2019-ல் திறக்கப்பட்டபின் தமிழகத்தில் இந்த வாயு பரவலாயிற்று. 2024-ல் அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் டீசல் பேருந்துகள் சிலவற்றை மாற்றிச் சோதனை முறையில் ஓட்டத் தொடங்கின. நாசில் கழற்றிப் பழகிய பணிமனைகளுக்குள் ஸ்பார்க் பிளக் மீண்டும் வந்தது.