பாதுகாப்பு ரிலேக்களில் சுயகண்காணிப்பும் பழுது அறிவிப்பும்

மின் பாதுகாப்பு ரிலே தன் உட்பாகங்களைத் தானே இடைவிடாமல் சோதித்து, கோளாறு கண்டால் உடனே தெரிவிக்கும் ஏற்பாடு சுயகண்காணிப்பு எனப்படும். ரிலேக்கு வேலை வருவது அபூர்வம். எப்போதோ நேரும் ஒரு ஷார்ட் சர்க்யூட்டுக்காக அது ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறது. நடுவில் கெட்டுப்போனாலும் லைனில் மின்சாரம் வழக்கம்போல் ஓடும், வெளியே ஒன்றும் தெரியாது. லைனில் பழுது நேரும்போது பிரேக்கர் திறக்காமல், பின்னாலுள்ள துணைமின் நிலையம்வரை டிரிப் ஆன பிறகே விஷயம் வெளிவரும்.

சுழலும் வட்டு கொண்ட பழைய மின்காந்த ரிலேக்களில் இந்த வசதி கிடையாது. டிரிப் கொடுத்ததும் முகப்பில் ஒரு சிறு கொடி விழும். யாராவது வந்து கையால் ரீசெட் செய்யும்வரை அது விழுந்தே இருக்கும். ரிலே வேலை செய்தது என்பதற்குக் கொடி சாட்சி. அடுத்த முறை செய்யுமா என்பது அதற்குத் தெரியாது. அறுந்த காயிலும் வட்டில் படிந்த தூசியும் அடுத்த காலமுறைச் சோதனைவரை மறைந்தே கிடந்தன.

நுண்செயலி ரிலேக்கள் வந்தபின் இது மாறியது. எட்மண்ட் ஷ்வைட்சர் அமெரிக்காவில் நிறுவிய எஸ்இஎல் நிறுவனம் 1984-ல் விற்பனைக்கு அனுப்பிய ரிலே இவ்வகையின் முன்னோடி. இத்தகைய ரிலே, கணக்கீடுகளுக்கு இடையே தன்னையும் சோதிக்கிறது. நினைவகத்தில் உள்ளதைக் கூட்டி, முன்பே பதித்த தொகையோடு ஒப்பிடுகிறது. தெரிந்த ஒரு மின்னழுத்தத்தை அளந்து, தன் அளவீடு பிசகவில்லையா என்று பார்க்கிறது. உள் சப்ளையையும் கவனிக்கிறது.

இதில் மிக நேர்த்தியானது வாட்ச்டாக் தொடுமுனை. ரிலே நலமாக இருக்கும்வரை அதன் காயிலில் மின்சாரம் இருக்கும், தொடுமுனை திறந்திருக்கும். நுண்செயலி உறைந்தாலோ டிசி சப்ளை போனாலோ காயில் விடுபட்டு, தொடுமுனை மூடி, அலாரம் ஒலிக்கும். முகப்பில் பச்சை விளக்கும் அணையும். முற்றிலும் செத்துப்போன ரிலேகூடத் தன் சாவை அறிவித்துவிடும். ரிலேயின் சப்ளையோடு அலாரமும் போய்விடாதபடி அலாரம் சர்க்யூட்டுக்கு மட்டும் வேறு ஃபியூஸ் வேண்டும். கடுமையான உட்பழுது என்றால், பொய் டிரிப்பைத் தவிர்க்க ரிலே தன் வெளியீடுகளையே முடக்கிக்கொள்ளும்.

தனக்கு வெளியேயும் ரிலே ஓரளவு பார்க்கும். மின்னழுத்தத்தை ரிலேக்கு அளந்து தரும் மின்மாற்றியின் (பிடி) ஃபியூஸ் போனால் மின்னழுத்தம் சமநிலை இழக்கும், மின்னோட்டமோ சீராகவே இருக்கும். இந்த முரணைக் கண்டதும் ரிலே, பழுதின் தொலைவைக் கணக்கிட்டு இயங்கும் தொலைவுக் காப்பைத் தடுத்துவைக்கும். இல்லையேல் மின்னழுத்தக் குறைவைப் பக்கத்தில் நேர்ந்த பழுதாகக் கணக்கிட்டு லைனைத் துண்டித்துவிடும். சாதன எண் 74 என வரைபடங்களில் குறிக்கப்படும் டிரிப் சர்க்யூட் கண்காணிப்பு, பிரேக்கரின் டிரிப் காயில் வழியே சில மில்லிஆம்பியரைச் செலுத்தி, பாதை அறுபடவில்லை என்று உறுதிசெய்கிறது.

சுயகண்காணிப்புக்கு எட்டாத இடங்களும் உண்டு. கரிந்த வெளியீட்டுத் தொடுமுனையைப் பெரும்பாலும் டிரிப் சோதனைதான் காட்டிக்கொடுக்கும். செட்டிங் மாறவில்லை என்று ரிலே சொல்லும், சரியான செட்டிங்தானா என்று சொல்லாது. ஆகவே சுயகண்காணிப்பு சோதனையின் இடைவெளியை நீட்டலாமே தவிர, சோதனையை ஒழிக்க முடியாது. வட அமெரிக்காவின் மின்கட்டமைப்பு நம்பகத்தன்மை அமைப்பான நெர்க்கின் பிஆர்சி-005 தரநிலை, கண்காணிப்பற்ற நுண்செயலி ரிலேக்கு 6 ஆண்டும் கண்காணிப்புள்ளதற்கு 12 ஆண்டும் உச்ச இடைவெளியாக வைக்கிறது. அந்தச் சலுகைக்கு ஒரு நிபந்தனையும் உண்டு: அலாரம் 24 மணி நேரத்துக்குள், நடவடிக்கை எடுக்கக்கூடிய இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும்.